நீ கொடுக்காத மனு

என் அன்பு அண்ணன் தணிகாசலத்துக்கு,

'அன்பு' என்று எழுதிவிட்டு, அடித்துவிடலாமா என்று கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். அடிக்கவில்லை, இருக்கட்டும். இந்தக் கடிதத்தில் உனக்கு இனிப்பாக வேறெதுவும் கிடைக்கப் போவதில்லை.

அடுத்த வாரம் உனக்கு வருஷத் திதி. பழைய பஸ் ஸ்டாண்டு முனையில் பெரிய பேனர் வைக்கலாம் என்றாள் சரோஜா அண்ணி. நடுவில் உன் படம், இரண்டு பக்கமும் குத்துவிளக்கு, கீழே 'ஊருக்காக வாழ்ந்த உத்தமர்' என்று ஒரு வரி. "பேனர் வேணாம் அண்ணி. நான் ஒரு கடுதாசி எழுதுறேன், அச்சடிச்சுத் தெருவுல குடுத்துடலாம்" என்றேன். என்ன எழுதப் போகிறேன் என்று அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் பேனரே போதும் என்றிருப்பாள்.

நம் தெருவுக்கு நாம் யார் என்று தெரியும். வெளியூர்க்காரர் கையில் இது கிடைத்தால் அவர்களுக்கும் புரிய வேண்டுமே, அதற்காகச் சொல்கிறேன். திருவண்ணாமலை பழைய பஸ் ஸ்டாண்டை ஒட்டிய சந்தில் இருபத்தோரு வருஷமாகப் பூங்காவனம் மெஸ் நடக்கிறது. பூங்காவனம் எங்கள் அம்மா. என் கல்யாணம் முறிந்து நான் பிறந்த வீட்டுக்குத் திரும்பி வந்த வருஷம் அதைத் தொடங்கினோம். கல்லாவில் நீ, அடுப்பில் நான். பெயர்ப் பலகையில் அம்மா பெயருக்குக் கீழே சின்ன எழுத்தில் நம் இரண்டு பேர் பெயரும் இருக்கும். எழுத வந்த பெயிண்டர் உன் பெயரோடு நிறுத்தப் பார்த்தபோது, "தங்கச்சி பேரும் எழுதுய்யா, சமைக்கிறது அவதான்" என்று அதட்டியவன் நீதான். அந்த அண்ணனை எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. பிறகு எப்போது நீ மாறினாய் என்றுதான் தெரியவில்லை.

பஸ் ஸ்டாண்டு ஊருக்கு வெளியே போய்ப் பதினாலு மாதம் ஆகிறது. அதில் இரண்டு மாதத்தை நீயும் பார்த்தாய். மீதியை நான் சொல்கிறேன், கேள்.

கீழ்பென்னாத்தூரிலிருந்து காலை முதல் வண்டியில் வந்து இறங்கி, கோர்ட்டுக்கோ ஆஸ்பத்திரிக்கோ போகும் முன் நம்மிடம் இட்லியும் வடகறியும் சாப்பிட்டுவிட்டுப் போகும் ஜனம் இப்போது இல்லை. மணிலாக் கொட்டை மூட்டையை மண்டியில் போட்டுவிட்டு மத்தியானம் சாப்பிட வந்தவர்கள் இல்லை. பொண்ணு கல்யாணத்துக்கு ஜவுளி எடுக்க வந்து, பன்னிரண்டு பேராக உட்கார்ந்து சத்தம் போட்டுக்கொண்டு சாப்பிட்ட குடும்பங்கள் இல்லை. டிரைவர் கண்டக்டர்களுக்கென்று ஜன்னல் பக்கம் ஒரு பெஞ்சை யாருக்கும் கொடுக்காமல் வைத்திருந்தோமே, அதில் இப்போது நான் வெங்காயம் உரிக்கிறேன். செருப்புக் கடை ஷட்டரை இறக்கிவிட்டார்கள். பை கடையும் இல்லை. கடிகாரம் ரிப்பேர் செய்தவர் மகன் வீட்டோடு போய்விட்டார். நம் தோசை மாஸ்டர் பைபாஸ் பக்கம் ஏசி வைத்த ஓட்டலில் சேர்ந்து, தலையில் வெள்ளைத் தொப்பி போட்டுக்கொண்டிருக்கிறான்.

பௌர்ணமி கிரிவலத்துக்குத்தான் லட்சக்கணக்கில் ஜனம் வருகிறதே, உனக்கென்ன குறை என்று கேட்கிறார்கள். கேட்பவர்கள் வாயில் கொதிக்கிற ரசத்தை ஊற்றலாமா என்று இருக்கிறது. நம் சந்து முனையில் தடுப்பு கட்டிவிடுகிறார்கள். தடுப்பைத் தாண்டி வருகிறவர்கள் கேட்பது இரண்டே விஷயம். பாத்ரூம் இருக்கா? போனுக்கு சார்ஜ் போட்டுக்கலாமா? வழி நெடுக அன்னதானம் வாங்கிச் சாப்பிட்ட தட்டை நம் வாசலில் போட்டுவிட்டுப் போகிறார்கள். மறுநாள் காலையில் நான் கூட்டிப் பெருக்குகிறேன். புண்ணியம் அவர்களுக்கு, குப்பை எனக்கு.

போனில் ஆர்டர் எடுக்கும் கம்பெனிக்காரன் ஒருத்தன் வந்தான். சேர்ந்துகொள்ளுங்கள், வீடு தேடிப் போய்க் கொடுப்போம் என்றான். சேர்ந்தேன். மீன் குழம்பைப் பிளாஸ்டிக் டப்பாவில் ஊற்றி வேங்கிக்கால் புது வீடுகளுக்கு அனுப்பினேன். 'வந்து சேரும்போது ஆறிப்போயிருந்தது' என்று முகம் தெரியாத ஒருத்தி ஒற்றை நட்சத்திரம் போட்டாள். வழியில் ஆறினதற்கு என் அடுப்பு என்ன செய்யும்? மூன்றாம் மாதமே அதை விட்டுவிட்டேன்.

இதெல்லாம் ஊரில் எல்லோருக்கும் நடப்பது. இதற்காக உனக்குக் கடிதம் எழுத மாட்டேன்.

உன் பதினாறாம் நாள் காரியம் முடிந்து பந்தி நடந்துகொண்டிருந்தபோது, கையில் கார் சாவியோடு ஒருவர் வந்தார். புது பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில் கட்டடம் கட்டியிருப்பவராம். உன் படத்துக்குக் கும்பிடு போட்டுவிட்டு நேரே என்னிடம் வந்தார்.

"உங்க அண்ணன் தங்கமான மனுசன்மா. கடை ரெடியாயிடுச்சு. போர்டு கூட வந்துடுச்சு. நீங்க வந்து நடத்துறீங்களா, இல்ல வேற ஆளுக்கு உட்டுடட்டுமா? ரெண்டு மூணு பேரு கேட்டுகினு இருக்காங்க."

"எந்தக் கடைங்க?" என்றேன்.

அவர் அண்ணியைப் பார்த்தார். அண்ணி பாயாச வாளியை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அவளுக்குத் தெரியும். எனக்கு மட்டும்தான் தெரியாது.

மறுநாள் ஆட்டோ பிடித்துப் போய்ப் பார்த்தேன். நல்ல கடைதான் அண்ணா, பொய் சொல்ல மாட்டேன். சுவர் முழுக்க வெள்ளை டைல்ஸ். சில்வர் மேஜை. கை கழுவும் இடத்தில் ஆள் உயரக் கண்ணாடி. அடுப்புக்கு மேலே புகையை இழுக்க இவ்வளவு பெரிய மின்விசிறி. இருபத்தோரு வருஷம் நான் உன்னிடம் கேட்ட ஒரே பொருள் அதுதான். "அடுத்த வருஷம் பாக்கலாம் எழிலு" என்பாய். என் கண் எரிச்சலுக்குச் சொட்டு மருந்து வாங்கிக் கொடுத்தாய், விசிறி மாட்டவில்லை. புதுக் கடையில் மாட்டியிருந்தாய். அதன் கீழே யாரை நிற்க வைப்பதாக இருந்தாய்?

வாசலில் சுவரோடு சாத்தி வைத்திருந்த தகரப் பலகையைத் திருப்பிப் பார்த்தேன். 'ஓட்டல் பூங்காவனம். உரிமையாளர்: தணிகாசலம்.' அவ்வளவுதான். கீழே இடம் நிறைய இருந்தது. சின்ன எழுத்தில் ஒரு பெயர் தாராளமாகக் கொள்ளும்.

அப்போதுதான், கடையைத் திறந்து காட்டிய கட்டடக்காரர் தன் வாயாலேயே அதைச் சொன்னார். பெருமையாகத்தான் சொன்னார். "பஸ்ஸு எல்லாம் பழையபடி உள்ள வரணும்னு உங்க தெருவுல மனு எழுதறதா கேள்விப்பட்டேன். அப்டி ஆச்சுன்னா இங்க யாரு வருவாங்க? அதான், 'நீ தெரு யாவாரிங்க தலைவரா கீறே, அத்தக் குடுக்காம பாத்துக்க, முன்னாடி கடை உனுக்குத்தான்'னு சொன்னேன். அவரும் சரின்னாரு. சொன்ன சொல்லு காப்பாத்துனாரும்மா."

திரும்பி வரும்போது ஆட்டோக்காரர் "உடம்பு சரியில்லையாக்கா?" என்று இரண்டு தரம் கேட்டார்.

அன்று சாயங்காலமே அண்ணியின் பீரோவைத் திறக்கச் சொன்னேன். மேல் தட்டில், கடை ஒப்பந்தத்துக்கு அடியில், பிளாஸ்டிக் கவருக்குள் இருந்தது நம் தெருவின் மனு. மூன்று தாள். நாற்பத்தோரு கையெழுத்து. முதல் கையெழுத்து எதிர் பேக்கரி காதர் பாயுடையது, பச்சை மையில். பூக்காரம்மாவின் கட்டைவிரல் ரேகை. என்னுடையதும் இருந்தது. அடுப்படியிலிருந்து அப்படியே வந்து போட்டதால் ஓரத்தில் மஞ்சள் கறை. பஸ் ஸ்டாண்டு போனாலும் போகட்டும், கிராமத்து டவுன் பஸ்கள் மட்டுமாவது பழைய இடத்தில் நின்று போகட்டும் என்று கேட்ட மனு. வேறென்ன பெரிதாகக் கேட்டோம்?

அந்தத் திங்கட்கிழமை எனக்கு அப்படியே ஞாபகம் இருக்கிறது. வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வேங்கிக்கால் கலெக்டர் ஆபீசுக்குக் கிளம்பினாய். தெருவே வாசலில் நின்று அனுப்பி வைத்தது. மத்தியானம் திரும்பி வந்து, "குடுத்துட்டேன். மேடம் வாங்கிகினாங்க. பாக்கலாம்னு சொன்னாங்க" என்றாய். பாவம், வெயிலில் அலைந்துவிட்டு வந்திருக்கிறானே என்று உனக்கு இரண்டு ஆம்லெட் போட்டுக் கொடுத்தேன். உட்கார்ந்து சாப்பிட்டாய். அன்றைக்கு நீ எங்கே போனாய் அண்ணா? அந்த நாலு மணி நேரமும் எங்கே உட்கார்ந்திருந்தாய்?

அதற்குப் பிறகு பஸ் போனது. தெருவே கலெக்டர் ஆபீசைத் திட்டியது. ஏழைங்க மனுவை எவன் படிக்கிறான், குப்பையில் போட்டிருப்பான் என்றார்கள். நீ அவர்களோடு சேர்ந்து தலையாட்டினாய். இரண்டு மாதம் தலையாட்டினாய். ஒருநாள் காலையில் மார்க்கெட்டுக்குக் கிளம்பும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு படியிலேயே உட்கார்ந்தாய், அப்புறம் எழுந்திருக்கவில்லை. என்னிடம் அகப்படாமல் தப்பித்துவிட்டாய்.

மனு கையில் கிடைத்த பிறகு பதினோரு நாள் நானும் வாயைத் திறக்கவில்லை. அதையும் இங்கே சொல்லத்தான் வேண்டும். மனு என் துணிப் பெட்டியில் இருந்தது. செத்தவனை ஏன் சந்திக்கு இழுக்க வேண்டும் என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். உண்மையில் பயம். இருக்கிற நாலு வாடிக்கையும் போய்விடும் என்ற பயம்.

காதர் பாய் தினமும் மத்தியானம் நம்மிடம்தான் சாப்பிடுவார் என்று உனக்குத் தெரியும். அவர் அப்பா காலத்திலிருந்து நடக்கும் பேக்கரி அது. ஊருக்குப் போகும் ஜனம் பஸ் ஏறும் முன் பிள்ளைகளுக்குப் பன்னும் வர்க்கியும் வாங்கிக்கொண்டு போகும் கடை. பன்னிரண்டாம் நாள் சாப்பிட வந்தவர் சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னார்.

"காலையில அடுப்ப அணைச்சுட்டேன்மா. இனிமே வெளிய இருந்து வாங்கி வித்தா வித்தது, இல்லாட்டி இல்ல. மாவு ஜாஸ்தி, யாவாரம் கம்மி, எத்தினி நாளு எரிக்கறது? நம்ம தணிகா இருந்திருந்தா இன்னொரு தபா மனு எடுத்துகினு போயிருப்பான். இந்தத் தெருவுக்காக நடந்தவன் அவன் ஒருத்தன்தான்."

அவருக்கு ரசம் ஊற்றப் போனேன். இலை தாண்டி மேஜையெல்லாம் கொட்டியது. கரண்டியை வைத்துவிட்டு உள்ளே போய்க் கவரை எடுத்துவந்து அவர் முன்னால் வைத்தேன்.

"பாய், அண்ணன் நடக்கல. இத குடுக்கவே இல்ல. அவனுக்குத் தனியா கடை பேசிகினு, இத வீட்டுலயே வெச்சுட்டான்."

அவர் இடது கையால் கவரைப் பிரித்து, தன் பச்சை மைக் கையெழுத்தைப் பார்த்தார். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"உனுக்கு எப்பலேர்ந்து தெரியும்?"

"பன்னெண்டு நாளா."

"பன்னெண்டு நாளா எனுக்குச் சோறு போட்டுகினு கீறே."

அவ்வளவுதான் பேசினார். பாதிச் சாப்பாட்டில் இலையை மூடிவிட்டு எழுந்து கை கழுவப் போனார். மறுநாள் வரவில்லை. அதற்கு மறுநாள் தையல்கடைக்காரரும் வரவில்லை. பூக்காரம்மா என்னைக் கண்டால் கூடையை நகர்த்தி வைத்துக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பிக்கொள்வாள். ஒருநாள் காலையில் நம் ஷட்டரில் சாக்பீசில் 'துரோகி' என்று எழுதியிருந்தது. உனக்கா எனக்கா என்று எழுதியவர் குறிப்பிடவில்லை. நான் துடைக்கவில்லை. நாலு நாள் அப்படியே இருந்து, அப்புறம் மழையில் போனது.

அந்த நாலு நாளும் ஷட்டரைத் தூக்கும்போதெல்லாம் உன்னைத்தான் திட்டினேன். ஊர் கேட்டிருக்கும். செத்தவனை இப்படியா பேசுவாள் என்று பக்கத்து லாட்ஜ்காரர் அண்ணியிடம் போய்ச் சொன்னார்.

பிறகு ஒரு திங்கட்கிழமை, கடையை மூடிவிட்டு அந்தப் பழைய மனுவை எடுத்துக்கொண்டு நானே வேங்கிக்கால் போனேன். வரிசையில் இரண்டு மணி நேரம். மனு வாங்கிக்கொண்டிருந்த அம்மாவுக்கு என் வயசுதான் இருக்கும். தாளைப் புரட்டிப் பார்த்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"இது பஸ் ஸ்டாண்டு மாத்தறதுக்கு முன்னாடி எழுதினது. இவ்ளோ நாளா எங்க வெச்சிருந்தீங்க?"

"எங்க அண்ணன்கிட்ட குடுத்தனுப்பிச்சோம் மேடம். அவர் குடுக்கல."

"ஏன்?"

"அவருக்குக் குடுக்க இஷ்டமில்ல."

அவர் முகத்தில் கோபம் இல்லை. தாளை என் பக்கமே தள்ளினார். "அப்பவே வந்திருந்தா ரூட்டு போடும்போதே பேசியிருக்கலாம்மா. இப்ப ஓடிட்டு இருக்கற வண்டிய மாத்தணும், கஷ்டம். சரி, புதுசா எழுதிக் கொண்டாங்க. இப்ப யார் யார் கடை நடத்துறாங்களோ அவங்க கையெழுத்து மட்டும்."

'அப்பவே வந்திருந்தா.' அந்த இரண்டு சொல்லைக் கேட்க நீ இருந்திருக்க வேண்டும். அந்த வரிசையில், அந்த வெயிலில், என் பக்கத்தில் நின்று கேட்டிருக்க வேண்டும்.

திரும்பவும் கடை கடையாக ஏறி இறங்கினேன். நீ ஏறியபோது டீ கொடுத்தவர்கள் எனக்கு ஸ்டூல்கூட நகர்த்தவில்லை. தையல்கடைக்காரர், "இந்தத் தபா யாரு கடை பேசி வெச்சிருக்காங்க, நீயா?" என்று கேட்டார். மிஷினை நிறுத்தாமலேயே கேட்டார். நின்றுகொண்டே இருந்தேன். ஒரு சட்டைக்குக் காலர் வைத்து முடித்துவிட்டு, பேனாவை வாங்கி ஒரு கிறுக்கு கிறுக்கினார். பூக்காரம்மா, "எங்க வெக்கணும், சொல்லு" என்றாள், முகத்தைப் பார்க்காமல். நாற்பத்தோரு பேரில் இருபத்துநாலு பேர்தான் இன்னும் தெருவில் இருந்தார்கள். நாலு நாளில் எல்லோரிடமும் வாங்கிவிட்டேன். காதர் பாயைத் தவிர.

அவர் அடுப்பு அணைந்த பேக்கரியில் காலிக் கண்ணாடிப் பெட்டிகளுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார்.

"பாய், உங்க கையெழுத்து இல்லாம இத எடுத்துகினு போக எனக்கு மனசு வரல."

"போட மாட்டேன்."

"பாய்..."

"ஒருத்தன் கையில காயிதத்தக் குடுத்துட்டு, வாசல்ல நின்னு டாட்டா காட்டினேன் பாரு, அந்த வேலைய இன்னொரு தபா செய்ய மாட்டேன். அவனுக்கும் செய்ய மாட்டேன், உனுக்கும் செய்ய மாட்டேன். திங்கக்கிழமை எத்தினி மணிக்குக் கெளம்புறே? நானே வரேன்."

அதை அவர் கோபமாகத்தான் சொன்னார். அன்பாகச் சொன்னார் என்று நீ சந்தோஷப்பட வேண்டாம்.

திங்கட்கிழமை காலையில் பார்த்தால் அவர் மட்டும் இல்லை, பதினாலு பேர் வந்து நின்றார்கள். காதர் பாய் போய்ச் சொல்லியிருக்கிறார். நான் மனுவை எடுத்துக்கொண்டு ஓடிவிடாமல் பார்த்துக்கொள்ளத்தான் வந்தார்கள் என்று எனக்குத் தெரியும். மூன்று ஷேர் ஆட்டோவில் போனோம். என் ஆட்டோவில் யாரும் என்னோடு பேசவில்லை. போய் வரிசையில் நின்றோம். அந்த அம்மா நிமிர்ந்து பார்த்து, "எல்லாருமே வந்துட்டீங்களா?" என்றார்.

காதர் பாய் முன்னால் போனார். "கையெழுத்து கம்மியா கீதும்மா, ஆளு ஜாஸ்தியா வந்துகீறோம். போன தபா காயிதம் வரல. அதான் இந்தத் தபா நாங்களே வந்துட்டோம்."

அந்த அம்மா சிரித்துவிட்டார். நான் சிரிக்கவில்லை. உன் பெயரை அவர் அங்கே சொல்லவில்லை. அதைக் கவனித்தேன். சொல்லியிருக்கலாம். பதினாலு பேருக்கு முன்னால் சொல்ல அவருக்கு எல்லா உரிமையும் இருந்தது.

அதற்குப் பிறகு மூன்று மாதம் எதுவும் நடக்கவில்லை. இரண்டு தரம் போய் நினைவுபடுத்தினோம். ஒருநாள் இரண்டு பேர் வந்து தெருவை அளந்து பார்த்துவிட்டுப் போனார்கள். ஆடி மாதம் ஒரு காலையில் நான் பொங்கலுக்கு மிளகு தட்டிக்கொண்டிருந்தபோது ஹாரன் சத்தம் கேட்டது. நம் சந்து முனையில் கீழ்பென்னாத்தூர் டவுன் பஸ். நின்று, ஜனத்தை இறக்கிவிட்டுத்தான் போனது. காலையில் ஐந்து நடை, சாயங்காலம் ஐந்து நடை, மூன்று கிராமத்து வண்டிகள். அவ்வளவுதான் கிடைத்தது. ஊர் முழுக்க ஓடும் பஸ்ஸில் ஒரு துளி.

அன்றைக்கு ஏழு பேர் வந்து உட்கார்ந்தார்கள். வடகறி கேட்டார்கள். நான் வடகறி செய்வதை நிறுத்தி நாலு மாதம் ஆகியிருந்தது. நாளைக்கு வாங்க, கண்டிப்பா இருக்கும் என்றேன். உள்ளே போய் அழுதேன். வெங்காயத்தின் மேல் பழி போட வெங்காயம்கூட அப்போது கையில் இல்லை.

செருப்புக் கடை திரும்ப வரவில்லை அண்ணா. கடிகாரக்காரர் வரவில்லை. நீ அன்றே கொடுத்திருந்தால் அவர்கள் இருந்திருப்பார்களா? தெரியாது. ஒருவேளை அன்றைக்கும் இதே பத்து நடைதான் கிடைத்திருக்கும். ஆனால் அந்த 'ஒருவேளை'யை அவர்களிடமிருந்து நீ பிடுங்கிவிட்டாய்.

புதுக் கடைக்கு வருகிறேன். வேண்டாம் என்று கட்டடக்காரரிடம் சொல்லிவிட்டேன். அம்மா பெயர் போட்ட பலகையை மட்டும் கேட்டு வாங்கி வந்தேன். பின்கட்டில் சாக்கடை மேல் மூடி இல்லாமல் இருந்ததே, அதன் மேல் போட்டிருக்கிறேன். அம்மா பெயரை மிதிக்கக் கூடாது என்பதால் எழுத்துப் பக்கம் கீழே இருக்கிறது. உன் பெயரும் அந்தப் பக்கம்தான் இருக்கிறது, அதற்கு நான் ஒன்றும் செய்ய முடியாது.

அண்ணிக்குக் கோபம். "கடைசியா அவரு ஆசப்பட்டது ஒண்ணே ஒண்ணு. அத்தயும் தட்டிவுட்டுட்டியே" என்று அழுதாள். நான் அவளிடம் ஒன்றுதான் கேட்டேன். "என்கிட்ட ஏன் அண்ணி சொல்லல? நான் என்ன வேத்து ஆளா?"

அண்ணி மூக்கைத் துடைத்துக்கொண்டு சொன்னாள். "நானும் கேட்டேன். 'எழிலு ஒத்துக்க மாட்டா. தெருவ வுட்டு வர மாட்டா, மனுவக் குடுடான்னு நிப்பா. திறந்த பொறவு சொல்லிக்கலாம்'னாரு."

அந்த ராத்திரியிலிருந்து இது ஒன்றுதான் என்னை அரிக்கிறது. நான் ஒத்துக்கொள்ள மாட்டேன் என்று உனக்கு யார் சொன்னது? இதைத் தெரு படிக்கும் என்று தெரிந்தேதான் எழுதுகிறேன்: நீ கேட்டிருந்தால் நான் வந்திருப்பேன் என்றுதான் நினைக்கிறேன். அந்த விசிறியைக் காட்டியிருந்தால், அந்தக் கண்ணாடியைக் காட்டியிருந்தால், புகையில்லாத ஓர் அடுப்படியில் என்னை ஒரு நிமிஷம் நிற்க வைத்திருந்தால், காதர் பாயை மறந்து, பூக்காரம்மாவை மறந்து, நானும் கிளம்பியிருப்பேன். நீ என்னை என்னைவிட நல்லவளாக நினைத்துவிட்டாய். அதனால்தான் மறைத்தாய். இதை நினைத்தால் எனக்கு உன் மேல் கோபம் இன்னும் கூடுகிறதே தவிர குறையவில்லை. என் மேலும்தான்.

நேற்று மத்தியானம் காதர் பாய் வந்தார். பதினோரு மாதம் ஆகிறது அவர் நம் படியேறி. சாப்பிட இல்லை. பேக்கரி அடுப்பை வாரத்தில் மூன்று நாள் மூட்டலாம் என்று இருக்கிறாராம், காலை நடைக்குப் பன் போட. என்னிடம் கொஞ்சம் விறகு மீதி இருக்குமா என்று கேட்க வந்தார். எடுத்துக் கொடுத்தேன். திரும்பும்போது கல்லாவுக்கு மேலே இருக்கும் உன் படத்தைப் பார்த்தார்.

"இத இன்னும் எடுக்கலயா நீ?"

"எடுக்கல பாய்."

"ஏன்?"

"எங்க அண்ணன் பாய்."

அவர் உன் படத்தைப் பார்த்து, "துரோகிப் பய" என்றார். எனக்கு எங்கிருந்து அப்படி ஒரு ஆத்திரம் வந்ததோ தெரியவில்லை. "என் கடையில நின்னுகினு எங்க அண்ணன ஒண்ணும் சொல்லாதீங்க" என்று கத்திவிட்டேன். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். காதர் பாய் விறகைத் தோளில் மாற்றிக்கொண்டு படியிறங்கிப் போனார்.

ஆகையால் உனக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். திதியன்று உனக்குப் பிடித்ததையெல்லாம் சமைத்துப் படைப்பேன். கண்ணீர் விட மாட்டேன். உன்னை மன்னித்ததாகப் பொய்யும் சொல்ல மாட்டேன். இந்தக் கடை நடக்கிற வரைக்கும் அதன் வாசலுக்குள் உன்னை யாரும் ஒரு வார்த்தை திட்ட விட மாட்டேன். உன்னைத் திட்டுவது நான் செய்ய வேண்டிய வேலை. தினமும் காலையில் ஷட்டரைத் தூக்கும்போது நானே செய்துகொள்கிறேன்.

உன் கூடப் பிறந்த பாவத்துக்கு
உன் தங்கச்சி,
எழிலரசி.